சீர்த்தட்டில் போன கொம்பு

மஞ்சக்குப்பம், கடலூர்
புதன்கிழமை

அன்பிலும் கோபத்திலும் சமமாகச் சிறந்த சடையப்பன் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் இளமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மா, அப்பா, அண்ணன் இளவரசு, நான், கொல்லையில் முருங்கை எல்லோரும் நலம். மஸ்கட்டில் உங்கள் நலமும், அத்தை நலமும், உங்கள் ரத்த அழுத்தத்தின் நலமும் அறிய ஆவல். அந்த மூன்றாவது நலத்தை முன்னிட்டு, காலை மாத்திரை போட்டுக்கொண்ட பிறகே இதற்குமேல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். போட்டாயிற்றா? சரி.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் முதல் வரியிலேயே "என்னாது?" என்று கத்துவீர்கள். அதன்பிறகு நான் சொல்வது எதுவும் உங்கள் காதில் ஏறாது. அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அழுவாள். கடிதத்தில் அந்த வசதி இல்லை, எவ்வளவு கத்தினாலும் அடுத்த வரி அப்படியேதான் இருக்கும். பரங்கிப்பேட்டையில் என் தோழி நஜியாவின் அண்ணன் முஹம்மது ஆசிக் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். பண்ருட்டி முந்திரி ஒரு பொட்டலத்தோடு இதையும் உங்களிடம் சேர்ப்பார். முதலில் முந்திரியைச் சாப்பிடவும்.

விஷயம் உங்கள் கொம்பு ஒலிபெருக்கியைப் பற்றியது. பதற வேண்டாம். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நீங்கள் கண்டெடுத்து, ஊருக்கு வந்த விடுமுறைகளையெல்லாம் அதற்கே கொடுத்து, நூறு வயதை நெருங்கும் அதைப் பேச வைத்தீர்கள். ஊமத்தம்பூப் போல வாய் விரிந்த கறுப்புக் கொம்பு, கீழே கனத்த பீடம், பீடத்தின் முதுகில் சுண்டைக்காய் அளவில் ஒரு திருகு. நீங்கள் எடுத்த பாடத்தை நான் மறக்கவில்லை என்பதற்காக இங்கே ஒப்பித்துவிடுகிறேன். பீடத்துக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. அதற்கு எதிரே காகிதம் போல மெல்லிய இரும்புத் தகடு. தகடு அதிர்ந்தால்தான் பேச்சு. திருகைத் திருப்பினால் காந்தமும் தகடும் நெருங்கும், நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். ஒரு மயிரிழை அதிகம் நெருங்கினால் தகடு 'டிக்' என்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டு ஊமையாகிவிடும். பயந்துகொண்டு விலக்கினாலோ கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் இருக்கும். ஒட்டவும் கூடாது, விலகவும் கூடாது. அந்த ஒரே இடத்தைக் கண்டுபிடித்து, அத்தையின் நகப்பூச்சை எடுத்துப் பீடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்து, திருகின் கோட்டை அந்தப் புள்ளிக்கு நேராக நிறுத்தி, "இதை எவன் தொட்டாலும் அவன் எனக்குச் சொந்தக்காரன் இல்ல" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். அந்த விதிப்படி பார்த்தால், சிதம்பரத்தில் உங்களுக்கு இப்போது சொந்தக்காரர்களே இல்லை.

உங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு, நினைவிருக்கிறதா? வீட்டில் ஆளில்லாதபோது அதைத் தனியாக விடக் கூடாது. நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவள். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கயலக்கா மகன் சித்தார்த்துக்குச் சிதம்பரத்தில் காதுகுத்து. தாய்மாமன் இளவரசு மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? ஆகவே குடும்பமே சீர்த்தட்டுகளோடு டெம்போவில் கிளம்பியது. வீடு பூட்டப்படுகிறதே என்று நான் கொம்பைப் போர்வையில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டேன். ஆலப்பாக்கம் வரை மடியில்தான் இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. கால் மரத்துப்போய்விட்டதால், அதைப் பின்னால் பலாப்பழத்துக்கும் பட்டுப்பாவாடைக்கும் நடுவில் பத்திரமாக வைத்தேன். இந்த இடத்தில் 'பத்திரமாக' என்ற சொல்லை நான் நம்பித்தான் எழுதுகிறேன். (ஆண் குழந்தைக்கு எதற்குப் பட்டுப்பாவாடை என்று கேட்காதீர்கள். தட்டு நிறைய வேண்டும் என்று அம்மா வைத்தது.)

மண்டப வாசலில் மேளம் தொடங்கிவிட்டது. சம்பந்தி அம்மாள் தில்லையம்மாள் அத்தை ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். நம் கொளஞ்சியப்பன் பெரியப்பாதான் தட்டுகளை வரிசைப்படுத்துகிறார். அவரை யாரும் நியமிக்கவில்லை. ஆனால் அவர் இல்லாமல் நம் குடும்பத்தில் ஒரு தட்டு நகர்ந்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும். எண்ணிக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றுவிட்டார்.

"நில்லு, நில்லு. மேளத்த நிறுத்தச் சொல்லு. தட்டு ரெட்டப்படையா வருது."

"காலைல ஒத்தப்படையாத்தான இருந்துச்சு பெரியப்பா," என்றான் இளவரசு, வானத்தைப் பார்த்தபடி.

"ஒண்ணு எங்கடா போச்சு?"

"கேட்டு ரொம்ப நேரம் தொறக்கல பெரியப்பா."

"கேட்டு தொறக்காததுக்கும் தட்டுக்கும் என்னாடா?"

"பசிச்சுது."

லட்டுத் தட்டு காலியாக இருந்தது. மிச்சமிருந்த ஒன்றையும் டிரைவர் எடுத்துக்கொண்டாராம். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெட்டப்படையில உள்ள போனா நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என் தலையிலதான விடியும்!" என்று சொல்லிக்கொண்டே டெம்போவுக்குள் தலையை விட்டார். வெளியே வந்தபோது அவர் கையில் உங்கள் கொம்பு. காலி லட்டுத் தட்டில் வெற்றிலையைப் பரப்பி, அதன்மேல் கொம்பை நிறுத்தி, யாருக்கோ வாங்கிய சாமந்தி மாலையை அதன் கழுத்தில் போட்டு, வரிசையின் நடுவில் விட்டுவிட்டார். எல்லாம் முடிய ஒரு தும்மல் நேரம் ஆகியிருக்கும். நான் அப்போது டெம்போவுக்கு அடியில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது, மேளத்துக்கு ஏற்பத் தலையை ஆட்டியபடி உங்கள் ஒலிபெருக்கி மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. தில்லையம்மாள் அத்தை ஆரத்தி சுற்றி, அதன் வாய் விளிம்பில் சந்தனம் தடவி, கண்ணில் பட்ட இடமெல்லாம் குங்குமம் வைத்து வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டார், மாமா. அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருந்து மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். ஆரத்தி எடுத்து வாங்கிய சீரைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் நம் பக்கம் கிடையாது. தவறிப் போனது, மறந்து போனது, லட்டுக்குப் பதிலாகப் போனது என்ற பாகுபாடும் கிடையாது. கேட்டால் கொடுத்த வீட்டுக்குக் கேவலம், வாங்கிய வீட்டுக்கு அவமானம், நடுவில் குடித்தனம் பண்ணும் கயலக்காவுக்கு ஆயுள் முழுக்கப் பேச்சு. நெல்லிக்குப்பம் சித்தி, சீராகக் கொடுத்த பித்தளைக் குடத்தைத் தண்ணீர் வராத ஒருநாள் இரவல்தான் கேட்டார். இன்றுவரை அந்த இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் ஏறுவதில்லை.

அதுவும் போய்ச் சேர்ந்த இடம் எது? ராமாமிர்தம் மாமா வீடு. கயலக்கா கல்யாணத்துக்கு வாடகை மைக் செட்டு வேண்டாம் என்று சொல்லி, நீங்களே ஒலிபெருக்கி கட்டி, ஒயர் இழுத்து, காது வலிக்காத அளவுக்குப் பதமாகச் சத்தம் வைத்தீர்கள். மாப்பிள்ளையின் அப்பாவான அவர் சபை நடுவில், "என்னா சடையப்பன், மைக்குக்குச் சோறு போடலியா? ஒண்ணுமே கேக்கலியே!" என்றார். சபை சிரித்தது. "மைக்குக்கும் வேணாம், எனக்கும் வேணாம்" என்று நீங்கள் பந்திக்குக்கூட உட்காராமல் கிளம்பினீர்கள். அன்றிலிருந்து அவர் பெயரை நீங்கள் சொல்வதில்லை, "அந்த ரைஸ் மில்" என்கிறீர்கள். அந்த ரைஸ் மில்லின் நடுக்கூடத்தில்தான் உங்கள் கொம்பு மாலையோடு வீற்றிருந்தது.

அடுத்த வாரமே அம்மாவும் நானும் மீட்கப் போனோம். பக்குவமாகப் பேசிவிடலாம் என்று பஸ்ஸில் அம்மா வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "அண்ணே, அந்தக் கொம்பு... அது வந்து..." என்று தொடங்கினாள்.

"அதச் சொல்லுங்க!" என்றார் தில்லையம்மாள் அத்தை. "எங்க வம்சத்துலயே இப்படி ஒரு சீரு வந்ததில்ல. எல்லாரும் குத்துவெளக்கு, அண்டான்னு கொண்டாருவாங்க. உங்க புள்ள கொம்பு கொண்டாந்துட்டானே! தெருவே வந்து போட்டோ புடிச்சிட்டுப் போவுது. நீங்க என்னா சொல்ல வந்தீங்க தங்கச்சி?"

அம்மா என்னைப் பார்த்தாள், கயலக்காவைப் பார்த்தாள், கொம்பைப் பார்த்தாள்.

"ஈரத்துணியால தொடைக்காதீங்க," என்றாள்.

அதற்குள் ராமாமிர்தம் மாமா எங்களுக்கு விருந்தோம்பும் விதமாகத் திருகைத் திருப்பத் தொடங்கியிருந்தார். கொம்புக்கு ஒலியைக் கூட்டிக் கொடுக்க நீங்கள் செய்து, டெம்போவில் அதோடு வந்த மரப்பெட்டியையும் ஒயரையும் மாப்பிள்ளை சேரன் அத்தான் தேடி எடுத்துப் போனில் மாட்டியிருந்தார். அதில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "இது ஒண்ணும் பெரிய வித்தை இல்லம்மா, நம்ம மில்லு ஹல்லர் மாதிரிதான். பிளேட நெருக்குனா அரிசி நொறுங்கும், தளத்துனா நெல்லாவே வந்து விழும்," என்று விளக்கிக்கொண்டே நெருக்கினார். டிக். செய்தி நின்றது. தளர்த்தினார். வந்தது. மறுபடி நெருக்கினார். டிக். ஒவ்வொரு டிக்குக்கும் எனக்குள் ஒன்று ஒட்டிக்கொண்டது. உங்கள் சிவப்புப் புள்ளியையாவது பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று குனிந்தேன். பீடம் முழுக்கத் தில்லையம்மாள் அத்தை வைத்த குங்குமப் பொட்டு. எது உங்கள் புள்ளி, எது வெள்ளிக்கிழமைப் பொட்டு என்று பிரம்மனாலும் சொல்லியிருக்க முடியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். சீரைத் திருப்பிக் கேட்கத்தான் கூடாது, பதில் சீராக வந்தால் வாங்கிக்கொள்ளலாம். நம் வீட்டில் ஒரு விசேஷம் வைத்தால் அவர்கள் தட்டெடுத்து வரத்தானே வேண்டும்? கொம்பையே ஒரு தட்டில் வைக்கும்படி கயலக்கா மெல்லக் காதில் போட்டுவிடலாம்.

"சரிம்மா, என்னா விசேஷம் வெக்கிறது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா என்னைப் பார்த்தாள். பி.முட்லூரிலிருந்து புதுச்சத்திரம் வரை பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் காலையில் கிள்ளையில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவரின் புகைப்படம் என் புத்தகத்துக்குள் பக்க அடையாளமாக இருந்தது. பார்க்க நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், படத்தில் ஒரு இறாலையும் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் மாமா, யாராவது வீட்டுக்கு வந்தாலே மாடிக்குப் போய்விடுகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு திருகாணிக்காகத் தாலி கட்டிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் கொம்பும் வர வேண்டும், அக்காவுக்குப் பேச்சும் வரக் கூடாது, இறால் பண்ணையும் வரக் கூடாது. இந்த மூன்றுக்கும் சேர்த்து நான் தனியாக ஒரு திட்டம் போட்டேன். அதில்தான் விழுந்தேன்.

இளவரசு பழைய பாத்திரக் கடை ஒன்றில் ஒரு கிராமபோன் கொம்பைப் பார்த்து வைத்திருந்தான். அதற்கு ஒரு மரப்பீடம் செய்து மாட்டி, சிதம்பரத்தில் ஆளில்லாத நேரத்தில் மாற்றி வைத்துவிடுவது. இதைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை மாலை கயலக்காவைக் கூப்பிட்டேன். நான் எப்போதாவதுதான் பேசுகிறவள், அதனால் பேசத் தொடங்கினால் சேர்த்து வைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவேன். எதிர்முனையில் சத்தம் வருகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. "அக்கா, பக்கத்துல யாரும் இல்லியே? நான் சொல்றத மட்டும் கேளு. அந்தக் கொம்ப மாத்திப்புடலாம். இளவரசு வேற ஒண்ணு பாத்து வெச்சிருக்கான், பாக்க அப்படியே இருக்கும். உங்க மாமனாருக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயப்படாத. அவருக்கு என்னா வித்தியாசம் தெரியப்போவுது? அந்த மனுசனுக்குத்தான் காதே கேக்கலியே!" என்றேன்.

அக்கா யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

"கேக்குதும்மா," என்றது ராமாமிர்தம் மாமாவின் குரல். "நல்லாவே கேக்குது."

போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். ஏன் அங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ராத்திரி உலை வைக்கும்போது அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். எடுத்த கையோடு அக்கா கூப்பிட்டாள்.

"ஏண்டி மதி, ஒனக்குப் பேசுறதுக்கு வேற நேரமே கெடைக்கலியா? நீ பேசுனது தெருமொனை வரைக்கும் கேட்டுச்சுடி. நான் மாடில துணி எடுத்துட்டு இருக்கேன், கீழேர்ந்து ஒன் கொரலு வருது."

"ஒன் போனு அவருகிட்ட எதுக்குக்கா இருந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. ராமாமிர்தம் மாமாவின் புதுப் போனில் ஒயர் மாட்ட ஓட்டை இல்லையாம், அக்காவின் பழைய போனில்தான் இருக்கிறதாம். அதனால் தினமும் மாலையில் அக்காவின் போன் கொம்போடு கட்டப்பட்டிருக்கும். செய்தி கேட்க மட்டுமில்லை. வாழ்நாளெல்லாம் ஓடும் ஹல்லருக்குப் பக்கத்திலேயே நின்ற மனிதர் அவர், காது எப்போதோ போய்விட்டது. ஒப்புக்கொள்ளாமல், எதைச் சொன்னாலும் "ம், ம்" என்று தலையாட்டியே காலத்தை ஓட்டியிருக்கிறார். காதில் மாட்டும் மெஷின் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்களாம். "தட்டு விழுற சத்தம், மிக்சி சத்தம், மனுசன் பேசுறது எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டித் தலையில போடுது" என்று அதை அலமாரியில் வைத்துவிட்டாராம். ஆனால் இந்தக் கொம்பின் மெல்லிய, கீச்சிடும் குரல், நாம் கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறதே, அதுதான் அவர் காதில் தனித்தனிச் சொல்லாக விழுகிறதாம். மங்கினால் தானே திருகிக்கொள்ளலாம். அது அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தில்லையம்மாள் அத்தை இப்போது அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் போன் போட்டு, "காப்பியா, டீயா?" என்று கேட்கிறாராம். கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஒரே வீட்டில், பத்தடி தூரத்தில், போன் போட்டுப் பேசிக்கொள்கிறார்கள். தெருவுக்கே அவர்கள் மாத்திரைக் கணக்கு தெரியும்.

"ஒங்க மாமனாரு திட்டுனாராக்கா?" என்று கேட்டேன்.

"இல்லடி. ஒண்ணுமே சொல்லல. சத்தமில்லாம ஒயரக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டாரு. அதான் பயமா இருக்கு."

இந்தக் கடிதத்தின் நல்ல பகுதி இனிமேல்தான். நேற்று, செவ்வாய்க்கிழமை, ராமாமிர்தம் மாமா தனியாகப் பஸ் ஏறி வந்து நம் வாசலில் நின்றார். கையில் ஒரு பெரிய தாம்பாளம், மேலே துண்டு. உள்ளே கொம்பு, மரப்பெட்டி, வெற்றிலை, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம். முறைப்படி பதில் சீர். அம்மா என்ன செய்வது என்று தெரியாமல் ஆரத்தி எடுத்தாள். நான் மாடிக்கு ஓடாமல் நின்றேன். அவர் காபி குடித்துவிட்டு, வழக்கம்போலச் சத்தமாக, தெருவில் போகிறவர்களுக்கும் சேர்த்துப் பேசினார்.

"விசேஷம் இல்லாம சீரான்னு பாக்காத தங்கச்சி. மருமவளோட தங்கச்சி மொத மொதல்ல எங்க வூட்டுக்குப் போன் பண்ணி மனசு விட்டுப் பேசுச்சு. அது விசேஷந்தான?"

நான் ஏதோ சொன்னேன். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும், எனக்கே கேட்கவில்லை. அவரும் "ம், ம்" என்று தலையாட்டினார். கேட்டதா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை. செருப்பை மாட்டும்போது என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒங்க மாமன்கிட்ட ஒண்ணு சொல்லும்மா. அன்னைக்குக் கல்யாணத்துல மைக்குக்குச் சோறு போடலியான்னு கேட்டனே. மைக்கு நல்லாதான் சாப்ட்டிருக்கு. காதுதான் பட்டினி. அப்போ எனக்கே தெரியல."

அவ்வளவுதான். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஆகவே மாமா, நீங்கள் பதறும்படி இனி எதுவும் இல்லை. கொம்பு உங்கள் அலமாரியில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுக் குங்குமத்தையெல்லாம் துடைத்தேன். எல்லாப் பொட்டும் போனபின் ஒன்று மட்டும் போகவில்லை, அதுதான் உங்கள் நகப்பூச்சுப் புள்ளி. திருகின் கோட்டை அதற்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். சேதம் எதுவும் இல்லை. விசேஷத்துக்கு இனித் தேவையில்லை என்று அம்மாவிடம் சொல்லி இறால்காரரின் படத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா அதை வாங்கி, பஞ்சாங்கத்துக்குள் வைத்தாள். இனி நீங்கள் நிம்மதியாக முந்திரி சாப்பிடலாம்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கோபம் குறைந்து, ஆயுள் நீண்டு, அடுத்த விடுமுறை விரைவில் வர வேண்டும் என்று நம் வீட்டுத் தெய்வங்களோடு சிதம்பரத்துத் தெய்வத்தையும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன். அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். அப்பா, மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்கள் யாரும் அங்கே இல்லாததால் பாக்கி அன்பெல்லாம் உங்களுக்குமாக,

பணிவுள்ள அக்கா மகள்,
இளமதி

பின்குறிப்பு: வியாழக்கிழமை, மாலை. மேலே எழுதியதெல்லாம் நேற்று வரை உண்மை. நேற்றுச் சாயங்காலம் உறையை ஒட்டுவதற்கு முன், கொம்பை என் போனில் மாட்டி, உங்கள் புள்ளியில் வைத்துக் கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்டேன். நன்றாகக் கேட்டது. எனக்கு எதில் போட்டாலும் நன்றாகத்தான் கேட்கும், மாமா. இன்று காலை அதை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். ஆலப்பாக்கம் கேட்டிலும் கீழே வைக்கவில்லை. கயலக்காவின் தாய்மாமன் நீங்கள். கல்யாணத்தில் பந்திக்கு முன்பே கிளம்பிவிட்டதால் உங்கள் மரியாதை ஒன்று அந்த வீட்டுக்குப் பாக்கி நின்றது. "தாய்மாமன் சடையப்பன் சீர்" என்று உங்கள் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தேன். தில்லையம்மாள் அத்தை ஆரத்தி எடுத்து, சந்தனம் பூசி வாங்கிக்கொண்டார். இப்படி வாங்கிய சீரைத் திருப்பிக் கேட்பது பற்றி நம் பக்கத்து வழக்கம் என்ன என்பதை மேலே குடத்தோடு விளக்கியிருக்கிறேன், தேவைப்பட்டால் மறுபடி படிக்கவும்.

திருகு உங்கள் சிவப்புப் புள்ளியில் இல்லை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, தகடு ஒட்டிக்கொள்ளப் போகிறதோ என்று நமக்குப் பயம் வருகிற இடத்தில்தான் ராமாமிர்தம் மாமாவுக்குக் கேட்கிறது. அத்தை அங்கே மஞ்சளால் இன்னொரு புள்ளி வைத்திருக்கிறார். மழை தொடங்கினால் இந்த இடம் மாறுமா, மாறினால் எந்தப் பக்கம் திருப்புவது என்று உங்களிடம்தான் கேட்க வேண்டுமாம். நீங்கள் ஊருக்கு வரும்போது பந்தி போட்டு வைத்திருப்பார்களாம்.

முந்திரியும் வராது. கொம்பு ஒன்று, வெற்றிலை ஒன்று என்று தட்டு எண்ணினால் இரட்டைப்படையாக வந்தது, அதை வைத்து ஒற்றைப்படையாக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலத்தில் கயலக்கா எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ராமாமிர்தம் மாமாதான் எடுப்பார். கத்த வேண்டாம், நீங்கள் மெதுவாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும்.